தாய்மீன் தண்ணீர்

ஏப்ரல் 9

மில்லில் மல்லிக்கும் மிளகாய்க்கும் வரிசை நிற்கிறது. வருஷப் பொடியைச் சித்திரைக்குள் திரித்து வைத்துவிட வேண்டும் என்று ஊரே கிளம்பி வந்துவிட்டது. தும்மித் தும்மி என் மூக்கு கழன்று விழாத குறை. அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஜெபராணி என்று ஓர் அரசாங்க என்ஜினீயர் இறங்கினாள். சின்ன வயசு, தொப்பி போட்டிருந்தாள்.

"அம்மா, நொச்சி ஓடைக்கு எந்த வழியா போகணும்?" என்று கேட்டாள்.

"ஓடையா? இங்கன ஓட எதும் கெடையாதும்மா. ஒரு ஆறுதான் உண்டு" என்றேன்.

என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் உள்ளே மில் ஓட்டிக்கொண்டிருந்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும், இனி அந்தப் பெண் சீக்கிரம் போக முடியாது என்று.

உட்காரவைத்து மோர் கொடுத்துச் சொன்னேன். நொச்சியாறு பிறப்பது மேற்கே கழுகுமொட்டை மலையில். இரண்டு இடத்தில் அருவியாக விழுந்து, ஆனைக்கசத்தில் வந்து நிற்கும். கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கிற ஆழமான மடு. ஆனைக்கசத்தில் ஆனை நின்றாலும் முதுகு தெரியாது. அப்புறம் மருதமரங்களுக்கு நடுவே எங்கள் ஊர் நொச்சிக்குளத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடி, கூட்டாற்றில் இலுப்பையாற்றோடு சேரும். சேரும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இலுப்பையாறுதான் வந்து நொச்சியோடு சேர்கிறது என்பது என் கட்சி.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். மலையடிவாரத்திலேயே நொச்சியை மறித்து, ஒரு வாய்க்கால் வெட்டி, இலுப்பையாற்று அணைக்குத் திருப்பிவிடப் போகிறார்களாம். நொச்சி மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை என்று பழைய பதிவு இருக்கிறதாம். கோடையிலும் ஓடுகிற ஆறு என்றால் அதைத் திருப்ப மாட்டார்களாம். கூட்டாற்றுக்கு மேலே ஓர் அளவுக் கம்பம் நட்டிருக்கிறாள். மே மாதம் முடிய அதில் தண்ணீர் ஓட வேண்டும்.

"எழுதி வச்சுக்கோம்மா, நொச்சி வத்தாது. நான் பொறந்ததுலேர்ந்து வத்துனதில்ல" என்றேன். வார்டு மெம்பர் என்ற முறையிலும் சொன்னேன். இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். ஆற்றில் குளித்தோம். கம்பத்தில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கூடிவிட்டது.

ஏப்ரல் 22

பக்கத்து ஊர் இலுப்பையூர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்து, கடைத்தெருவில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்களாம். "ஒங்க ஓடத் தண்ணிய எங்க அணையில பத்திரமா வச்சிருப்போம், வேணும்கும்போது வந்து வாங்கிக்கிடுங்க" என்று ஒருவன் எங்கள் டீக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். அணைத் தண்ணீர் வந்தால் அவர்களுக்கு வருஷத்துக்கு இன்னும் ஒரு பூ, ஒரு போகம், நெல் கிடைக்கும். பேசத்தான் செய்வார்கள்.

அந்த ஊரில்தான் என் தங்கை செண்பகம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. என் மகன் கல்யாணத்தில், சம்பந்திமார் முன்னால், "எங்கக்கா வீட்டுக்குப் பின்னால ஒரு ஓட ஓடும், பாக்க அழகா இருக்கும்" என்றாள். நொச்சித் தண்ணீரில் நீச்சல் பழகியவள். நான்தான் தாவணியைப் பிடித்துக்கொண்டு பழக்கினேன். புருஷன் வீட்டுக்குப் போனதும் ஆறு ஓடையாகிவிட்டது. பந்தியில் பச்சடியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்துவிட்டேன். இதில் என் மேல் தப்பு இருப்பதாக யாரும் இதுவரை சொல்லவில்லை. குற்றாலிங்கம் சொல்கிறார், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

மே 3

வெயில் கொளுத்துகிறது. கிழக்குத் தெருக் கிணறு வற்றிவிட்டது. பள்ளிக்கூடத்து போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. நொச்சி ஓடுகிறது. ஒல்லியாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது. சாயங்காலம் கம்பத்தடிக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். மணலில் நீர்நாய் காலடி கிடந்தது. குட்டிகளும் கூட வந்திருக்கின்றன. வற்றுகிற இடத்துக்கு நீர்நாய் குடும்பத்தோடு வருமா? இதை ஜெபராணியிடம் போனில் சொன்னேன். "போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றாள். எடுத்தேன், என் கட்டைவிரல்தான் பெரிதாக விழுந்திருக்கிறது.

மே 6

தென்காசிக்குப் போய் மில்லுக்கு சல்லடை வாங்கி வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முந்தின சீட்டில் செண்பகம். நாங்கள் நேரே பேசுவதில்லை. கண்டக்டர் மந்திரம் அண்ணாச்சிதான் எங்களுக்குத் தபால்காரர். பல வருஷமாகச் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைப் பார்க்கிறார்.

ஜெபராணி மாதக் கடைசியில் வந்து ஆற்றை மேலே வரை நடந்து பார்க்கப் போகிறாள், அதற்கு முன்னால் நானே ஒரு தடவை மலையடிவாரம் வரை நடந்து பார்த்துவிடப் போகிறேன் என்று ஊரில் சொல்லியிருந்தேன். அது செண்பகத்தின் காதுக்கும் போயிருக்கிறது.

"அண்ணாச்சி, இந்த வெயில்ல சில பேரு மேல ஏறிப் பாக்கப் போறாவளாம். வயசான காலத்துல தல சுத்தி விழுந்தா யாரு பாப்பா? வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

"அண்ணாச்சி, எங்க ஆத்தங்கரையில நெடுக மருத நெழல் இருக்கு. எங்களுக்குத் தல சுத்தாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஆனைக்கசம் வரைக்கும் போனாப் போதும், அதுக்கு மேல முள்ளு கெடக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"ரெண்டு பேரும் மொதல்ல டிக்கெட்ட எடுங்க" என்றார் மந்திரம்.

முள்ளாம். என் ஆற்றில் எங்கே முள் இருக்கிறதென்று எனக்கு இவள் சொல்கிறாள்.

மே 13

நானும் இவரும் மேலே போய்விட்டு வந்தோம். ஆனைக்கசத்தில் தண்ணீர் கிடக்கிறது. கால் வலிக்கிறது.

மே 14

மில் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் போட்டாயிற்று. கேப்பை திரிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மே 16

ஆற்றை மேலே வரை பார்த்துவிட்டு வந்ததற்காக ஊர்க்கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். "உலகம்மா அக்கா இல்லேன்னா நம்ம ஆறு போயிருக்கும்" என்று பேசினார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசவே வரவில்லை, ஊரே ஆச்சரியப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் குற்றாலிங்கம் துண்டை மடித்து வைத்தபடி, "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுன்னா கொஞ்சம் பெரிய தட்டா வேணும், ஏளா" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மே 17

எழுதத்தான் வேண்டும்.

அன்று மேலே போனபோது ஆனைக்கசம் வரை தண்ணீரோடு நடந்தோம். கசம் தெளிந்து கிடந்தது. அடியில் கெண்டையும் கெளுத்தியும் அசையாமல் நின்றன, எல்லாம் முழங்கை நீளம், வயிறு பருத்த மீன்கள். அதற்கு மேலே போனோம். மேலே நொச்சியாறு இல்லை. வெறும் பாறையும் சுடுகிற மணலும். மலையடிவாரம் வரை நடந்தோம், ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

அப்படியானால் கசத்துக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? திரும்பி வந்து தேடினோம். வடகரையில் தாழம்புதருக்குள்ளே ஒரு சின்ன வாய்க்கால் சத்தமில்லாமல் வந்து விழுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேடு ஏறினோம். அது போய் முடிந்தது இலுப்பையூர்ப் பெரிய குளத்தின் தென்மடையில். அந்த ஊர் இரண்டு ஆற்றுக்கும் நடுவே மேட்டில் இருக்கிறது. அந்தக் குளம் நிறைவது இலுப்பையாற்றுத் தண்ணீரில். தென்மடைக்குக் கீழே அவர்களுக்கு ஒரு வயல்கூடக் கிடையாது. ஆனால் மடைப்பலகை கையகலம் தூக்கியிருக்கிறது.

கோடையில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது இலுப்பையாறு.

எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று இவரிடம் சொன்னேன்.

மே 19

இன்று மத்தியானம் மில்லை இவரிடம் விட்டுவிட்டு நேரே அந்தக் குளத்தங்கரைக்குப் போனேன். செண்பகத்தின் வீட்டுக்காரர் உச்சிமாகாளிதான் அந்தக் குளத்துக்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. பனை நிழலில் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"வாங்க மதினி. நுங்கு சாப்பிடுதியளா?"

"தென்மட ஒழுவுது. தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"ஒழுவல மதினி. நாந்தான் தூக்கி வச்சிருக்கேன்."

யாருக்காக என்று கேட்டேன். எங்களுக்காக என்று சொல்லுவார், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

"மீனுக்கு" என்றார்.

அப்புறம் விளக்கிச் சொன்னார். அணை கட்டின பிறகு இலுப்பையாற்று மீன் மேலே ஏற வழியில்லை. ஆனி மாதச் சாரலில் புதுவெள்ளம் வந்ததும் கூட்டாற்றிலிருந்து மீன்கள் நொச்சிக்குள்தான் எதிர்த்து ஏறுகின்றன. கசத்துக்கு மேலே இருக்கிற சரளைக் கல்லில் முட்டை போடுகின்றன. குஞ்சுகள் கீழே இறங்கி வரும்போது பாதி ஆற்றுக்குப் போகும், பாதி இந்த வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு ஏறிவிடும். வெள்ளத்தோடு இறங்காத பெரிய மீன்கள் கோடை முழுக்க ஆனைக்கசத்தில் தங்கும். கசம் வற்றினால் அத்தனையும் போய்விடும். அதனால் குளத்தில் எவ்வளவு பஞ்சம் என்றாலும் தென்மடையைக் கையகலம் தூக்கி வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். தாய்மீன் தண்ணீர் என்று அதற்குப் பெயர். அதை மூடினால் குலம் விளங்காது என்பார்களாம்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கும் இது தெரியாதே?" என்றேன்.

உச்சிமாகாளி நுங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க தங்கச்சிதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. எங்கக்கா நொச்சி வத்தாதுன்னு அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியுதா, இது காதுல விழுந்தா மனசு விட்டுரும்னா. ஊருக்குள்ள பொம்பளையள்ட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கா."

நுங்கு நன்றாக இருந்தது.

மே 21

கம்பத்தில் தண்ணீர் ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மே 27

ஜெபராணி வந்தாள். கம்பத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "நீங்க சொன்னது சரிதான்மா. ஆனைக்கசம் வரைக்கும் பாத்துட்டு முடிச்சுக்கலாம், வெயில் ரொம்ப இருக்கு" என்றாள்.

குற்றாலிங்கம் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இல்லம்மா, இன்னும் மேல போகணும்" என்றேன். கூட்டிக்கொண்டு போய்க் காய்ந்த மணலில் நிற்கவைத்தேன். வாய்க்காலைக் காட்டினேன், தென்மடையைக் காட்டினேன், கசத்து மீனைக் காட்டினேன். எங்கள் ஆறு கோடையில் வற்றும் என்று என் வாயாலேயே சொன்னேன்.

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமே" என்றாள்.

"இருந்திருக்கலாம். ஆனா அடுத்தவ தண்ணியில ஜெயிச்சுட்டு, அவ முன்னாலயே நெஞ்ச நிமித்திக்கிட்டு எப்படி நடக்க? எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது."

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். மலையடிவாரத்தில் மறித்துவிட்டால் ஆனியில் புதுவெள்ளம் வராது. வெள்ளம் இல்லாமல் மீன் ஏறாது. மீன் ஏறாவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்த ஆற்றிலும் எந்தக் குளத்திலும் மீன் இருக்காது. நொச்சி வற்றுகிற ஆறாகவே இருக்கட்டும், ஆனால் இரண்டு ஆற்றுக்கும் பிரசவம் பார்ப்பது நொச்சிதான்.

ஜெபராணி யோசித்தாள். மீன் விஷயத்தை அவள் எழுதலாமாம். ஆனால் நொச்சிக்குளத்துக்காரர்கள் மட்டும் சொன்னால் எடுபடாது, அணைத் தண்ணீர் யாருக்குப் போகிறதோ அந்த இலுப்பையூர்க்காரர்களே எங்களுக்கு இது வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றாள். இலவசமாக வருகிற தண்ணீரை யாராவது வேண்டாம் என்பார்களா?

மே 28

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. போர்த்தின துண்டைத் திருப்பிக் கேட்காததுதான் பாக்கி. "ஆறு போச்சுன்னா அந்தம்மாதான் காரணம்" என்று மில் வாசலிலேயே நின்று பேசுகிறார்கள். நான் மிளகாயை இன்னொரு தடவை போட்டு ஓட்டினேன், கலைந்துவிட்டார்கள்.

மே 31

கம்பத்தில் தண்ணீர் ஓடுகிறது. யாரும் பார்க்க வரவில்லை.

ஜூன் 4

"ஒந்தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்கிறார் இவர். "அந்த ஊர்ப் பொம்பளையள் எல்லாம் அவ சொன்னாக் கேப்பாவ."

நான் போகமாட்டேன். இவ்வளவு காலம் அவள் தண்ணீரைக் குடித்தது போதாதா? இனி கேட்டு வேறு வாங்க வேண்டுமா?

ஜூன் 6

பஸ்ஸில் மந்திரத்திடம், பொதுவாகத்தான், பதினாலாம் தேதி கூட்டாற்றுக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று சொன்னேன். காலை பத்து மணிக்கு என்றும் சொன்னேன். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், பெண்களும் பேசலாம் என்றும் சொன்னேன். முன் சீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

"இதையும் அங்கன சொல்லிரட்டுமா?" என்று கேட்டார் அவர். காது கேட்கிற தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

ஜூன் 10

மேற்கே மலை கறுத்துவிட்டது. இந்த வருஷம் ஆனி பிறக்கும் முன்னமே சாரல் விழுந்தது. ராகு காலம் முடிவதற்குள் நொச்சியில் செந்தண்ணீர் வந்துவிட்டது, தன் சொந்தத் தண்ணீர். மில்லைப் பூட்டிவிட்டு ஓடினேன். கூட்டாற்றுக்கு மேலே பாறை இடுக்கில் மீன்கள் துள்ளித் துள்ளி ஏறுகின்றன. விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருக்கின்றன. இத்தனை வருஷம் இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன், குழம்பும் வைத்திருக்கிறேன். எங்கே போகின்றன என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது தெரிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அணை கட்டி, குளம் கட்டி, மூன்று போகம் விளைகிற பெரிய ஆறு இருக்கும்போது, பிள்ளை பெற எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன.

ஜூன் 14

இன்று கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஊர் ஒரு பக்கம், இலுப்பையூர் ஒரு பக்கம், பெண்வீடு மாப்பிள்ளைவீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். மேடையில் ஜெபராணியும், அவளுக்கு மேலதிகாரியாக வெளியூரிலிருந்து வந்த ஒருவரும்.

முதலில் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். ஜெபராணியிடம் சொன்னதையெல்லாம் ஊருக்கு முன்னால் சொன்னேன். நொச்சி கோடையில் வற்றும். கோடையில் நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் இலுப்பையூர்க்காரர்கள் மீனுக்கு விடுகிற தண்ணீரில். இதை மறைத்து எங்கள் ஆற்றைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை, அதற்கு வேறு பெருமை இருக்கிறது என்று சொல்லி மீன் ஏறுவதைச் சொன்னேன். எங்கள் பக்கம் தலை குனிந்துகொண்டது. நான் குனியவில்லை.

பிறகு இலுப்பையூர்த் தலைவர் எழுந்தார். "மீனெல்லாம் சரிதான். எங்களுக்குத் தண்ணி முக்கியம். திருப்பி விடுங்க" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் பக்கம் கை தட்டியது. மேலதிகாரி ஏதோ எழுதப் பேனாவை எடுத்தார். என் இடத்துக்குப் போகாமல் மேடை ஓரத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அப்போது அவர்கள் பக்கம் பெண்கள் வரிசையில் செண்பகம் எழுந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, மைக் இல்லை. அவளுக்கு மைக் எதற்கு, எங்கள் வீட்டுத் தொண்டை.

"சார், அதுல ஒண்ணும் எழுதாதிய. தலைவரு சொன்னது அவரு ஒருத்தரு பேச்சு. எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம்" என்றாள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"எங்க மாமனாரு காலத்துலயும் அதுக்கு முன்னாலயும், குளம் வெடிச்சுக் கெடந்த வருசத்துலகூட தென்மடய நாங்க மூடுனதில்ல. வயலக் காயப் போட்டுட்டு மீனுக்குத் தண்ணி விட்டிருக்கோம். எதுக்கு? அந்த மீனு எங்களுக்கும் வேணும், ஆத்துக்கும் வேணும்னுதான். இப்ப நொச்சியையே மறிச்சுட்டா நாங்க இவ்வளவு நாளும் விட்ட தண்ணிக்கு என்ன மரியாத? அணச் சொவத்துல மீனு ஏறுமா சார்? ஒரு பூ நெல்லுக்கு ஆசப்பட்டு, புள்ளத்தாச்சி போற பாதய நாங்க மறிக்க மாட்டோம். எங்க ஊருப் பொம்பளையள்ல இதுக்குச் சம்மதமில்லாதவ இருந்தா இப்பமே எந்திரிக்கட்டும்."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எழுந்திருக்க யோசித்து உட்கார்ந்துவிட்டார்கள். உச்சிமாகாளி கடைசி வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், அப்புறம், "ஊரு சொல்லுததுதான் எம் பேச்சும்" என்றார்.

மேலதிகாரி ஜெபராணியோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு, நொச்சியைத் திருப்புகிற வேலையைக் கைவிடலாம் என்றுதான் தன் அறிக்கை போகும், அணைக்குத் தண்ணீர் வேறு வழியில் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் பக்கமும் கை தட்டியது, அவர்கள் பக்கமும் தட்டியது.

சத்தம் அடங்கின பிறகு அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "ரொம்பத் தெளிவா பேசினாங்களே, யாரு அந்த அம்மா?"

அவர் காதுக்கு மட்டும் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

"எந்தங்கச்சி" என்றேன். "நொச்சியாத்துப் பொண்ணு."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செண்பகமும் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.